பாசம் இல்லாமல் செய்யும் பணிவிடை அன்பாகுமா?

கேட்பவர்: தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபையில் யாரிடமும் கேட்கத் துணிவில்லாத ஒரு கேள்வியை இங்கே எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. என் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வலது கையும் காலும் வசப்படுவதில்லை, பேச்சு குழறுகிறது. அம்மா முன்பே காலமாகிவிட்டார்கள். நான் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நனைந்த விரிப்பை உருவி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, தலையணையை அண்டக்கொடுத்து உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டுகிறேன். பிறகு பகல் நேரத்துக்கு உதவிக்கு வரும் ஓர் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போகிறேன்.

அவர் எங்கள்மேல் பாசம் காட்டியதாக எனக்கு நினைவே இல்லை. குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த இரவுகள்தான் நினைவில் இருக்கின்றன. அவருக்கு இருந்த பிரியமெல்லாம் பெங்களூரில் இருக்கும் அண்ணன்மேல்தான். அண்ணன் ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்துமசுக்கு வருவார். இன்றைக்கும் இரண்டு கரண்டிக் கஞ்சி உள்ளே போனதும் அப்பா என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அவன் எப்போ வாரான்?”

ஞாயிற்றுக்கிழமைதோறும் “தேவன் உங்களை நேசிக்கிறார், அந்த அன்பை மற்றவர்களுக்குக் காட்டுங்கள்” என்று கேட்கிறேன். என்னைப் பார்க்கிறவர்கள், “உன் அப்பாமேல் உனக்கு எவ்வளவு அன்பு!” என்று மெச்சுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. அவர்மேல் எனக்கு அன்பு இல்லை. செய்ய வேறு ஆள் இல்லை என்பதால் செய்கிறேன். “உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக” என்று வேதாகமத்தில் பவுல் எழுதியிருக்கிறார். உண்டான யாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அப்படியானால் இந்த மூன்று ஆண்டுகளாக நான் செய்துவருவது என்ன? தேவனுடைய அன்பு என்பது நாலரை மணிக்கு விரிப்பு மாற்றுகிற ஒருத்தியின் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது? சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்க, வீட்டிலேயே உழைத்த மூத்தவன் கோபித்துக்கொள்ளும் கெட்ட குமாரன் உவமையைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் மூத்த மகன் பக்கம்தான் சாய்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதில்: ஓய்வுநாள் வாத்தியார்

சகோதரிக்கு வணக்கம். ஓய்வுநாள் பாடசாலையில் நாற்பது ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். சொன்னவற்றில் சிலவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டிய வயதும் வந்துவிட்டது.

கிரேக்கத்தில் அன்புக்குப் பல சொற்கள் உண்டு, அவற்றுள் அகாப்பே என்பது மட்டும் தெய்வீக அன்பைக் குறிக்கும் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் சொல்லுக்கு அப்படியொரு மந்திர சக்தி கிடையாது. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில், தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரின்மேல் கொண்ட தகாத மோகத்தைச் சொல்லும் இடத்திலும் இதன் வினைச்சொல்தான் வருகிறது. உடன் ஊழியனான தேமா பவுலைக் கைவிட்டு இந்த உலகத்தின் பின்னால் போனதைச் சொல்லும்போதும் மூலத்தில் இதே சொல்தான். நம் தமிழ் வேதாகமத்தில் அதை “ஆசைவைத்து” என்று பொருளறிந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஆகவே தேவனுடைய அன்பு இன்னதென்று அகராதியைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. யோவான் தமது முதலாம் நிருபத்தின் (கடிதத்தின்) நான்காம் அதிகாரத்தில் அதற்கு வேறொரு வழியைக் காட்டுகிறார்: நாம் தேவனிடத்தில் அன்புகூர்ந்ததினால் அல்ல, அவர் நம்மிடத்தில் அன்புகூர்ந்து தம்முடைய குமாரனை அனுப்பினதினாலே அன்பு உண்டாயிருக்கிறது என்கிறார். அதே அதிகாரத்தின் 19-ஆம் வசனத்தில் “அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்” என்று வருகிறது. அந்த “முந்தி” என்ற சொல்லை நாம் வாசிக்கும் வேகத்தில் தவறவிட்டுவிடுகிறோம். கிறிஸ்தவர்கள் தேவனுடைய அன்பைப் பற்றிப் பேசுவதெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் இருக்கிறது. நாம் நல்லவர்களானபின் அல்ல, நமக்குள் பக்தி பொங்கியபின் அல்ல, “நாம் பாவிகளாயிருக்கையில்” என்றுதான் ரோமருக்கு எழுதும்போது பவுலும் சொல்கிறார்.

உங்கள் கேள்விக்கு இது எப்படிப் பொருந்தும் என்றால், உங்கள் உள்ளத்தில் எவ்வளவு பாசம் ஊறியிருக்கிறது என்று அளந்து பார்த்துத் தேவன் உங்களிடம் வருவதில்லை. உங்கள் கணக்கில் பற்றாக்குறை இருப்பதாக நீங்கள் அஞ்சுகிறீர்கள். கணக்கு அங்கே தொடங்குவதே இல்லை என்கிறேன்.

அடுத்து, எபிரெயத்தில் ‘ஹெசெத்’ என்று ஒரு சொல் உண்டு. உடன்படிக்கைக்கு உட்பட்டவர்கள் ஒருவரையொருவர் கைவிடாமல் செய்யும் நன்மை என்று அதை விளக்கலாம். நம் வேதாகமத்தில் அது பல இடங்களில் “கிருபை” என்று வருகிறது. 136-ஆம் சங்கீதத்தை (துதிப்பாடலை) எடுத்துப் பாருங்கள். 26 வசனங்கள், ஒவ்வொன்றும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்றே முடிகிறது. அந்தக் கிருபையை விளக்க, தேவன் என்ன உணர்ந்தார் என்று சங்கீதக்காரன் ஒரு வரியும் எழுதவில்லை. என்ன செய்தார் என்பதையே அடுக்கிக்கொண்டு போகிறான். சூரியனைப் படைத்தார், சமுத்திரத்தைப் பிளந்தார், வனாந்தரத்தில் நடத்தினார். இவ்வளவு பெரிய காரியங்களைச் சொல்லி வந்து, 25-ஆம் வசனத்தில் எதில் வந்து நிற்கிறான் தெரியுமா? “மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரங்கொடுக்கிறவரைத் துதியுங்கள்.” செங்கடலைப் பிளந்தவருடைய கிருபையும் காலைச் சாப்பாடு கொடுக்கிறவருடைய கிருபையும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் நாலரை மணிக்கு எழுந்து செய்வது அந்தப் பட்டியலைச் சேர்ந்த வேலை.

மூத்த மகனைப் பற்றி ஒரு வார்த்தை. இளையவனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. அதே நாளில் அந்தத் தகப்பன் இரண்டாவது முறையும் வெளியே வந்தான் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. “தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்” என்று லூக்கா 15-இல் இருக்கிறது. மூத்தவன் தான் செய்துவந்ததைச் சொல்லும் வினைச்சொல் மூலத்தில் அடிமை வேலையைக் குறிப்பது. ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட நீர் கொடுக்கவில்லை என்று அவன் கசந்து பேசுகிறான். அதற்குத் தகப்பன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளாய் என்று கொஞ்சி அழைக்கும் சொல்லைப் போட்டு, “நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது” என்கிறான். விருந்துக்காரன் பந்தியை விட்டெழுந்து, கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளையிடம் வருகிறான். நீங்கள் மூத்தவன் பக்கம் சாய்வதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அவன் நின்ற இடத்துக்கும் தகப்பன் வந்தார்.

பதில்: ஜெபவீரன்

சகோதரி, கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனைச் சிட்சிக்கிறார் (தண்டித்துத் திருத்துகிறார்) என்று எபிரெயர் 12:6 சொல்கிறது. உங்கள் தகப்பனாரின் நோய் அவருடைய பழைய பாவங்களுக்கான சிட்சையாகவும், உங்களுக்குப் பொறுமையைக் கற்றுத்தரும் பயிற்சியாகவும் இருக்கலாம். முறுமுறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள், உங்கள் உள்ளத்தில் அன்பு ஊற்றப்படும்படி உபவாசித்து ஜெபியுங்கள்.

பதில்: இரவுப்பணி

மேலே எழுதிய சகோதரரின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் வார்டில் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், அந்த வசனத்தை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவருவதை வன்மையாக மறுக்கிறேன். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம், விசுவாசத்தின் நிமித்தம் நெருக்கப்பட்ட ஒரு கூட்டத்தாரைத் தைரியப்படுத்த எழுதப்பட்டது; மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டவருக்கு அடைபட்ட காரணத்தைச் சொல்வதற்கு அல்ல. பிறவிக்குருடனைக் காட்டி, “இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ” என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் அல்ல என்று இயேசு சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்றும் அவரே கேட்டார். நோய்க்கும் பாவத்துக்கும் முடிச்சுப் போடுவதை அவரே மறுத்த பிறகு, நாம் ஏன் அதை மறுபடியும் போட வேண்டும்?

சகோதரி மேற்கோள் காட்டிய ரோமர் 12:9 வசனத்தில் பாதிதான் இருக்கிறது. முழு வசனம் இப்படி: “உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக, தீமையை வெறுத்து, நன்மையைப் பற்றிக்கொண்டிருங்கள்.” மாயமற்ற அன்பைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில் தீமையை வெறுக்கவும் பவுல் சொல்கிறார். உங்கள் அம்மா வாங்கிய அடிகளை நீங்கள் வெறுப்பது அன்புக்கு விரோதமானதல்ல. அவை நடக்கவே இல்லை என்பதுபோல் சிரித்துக்கொண்டிருப்பதுதான் மாயம். அதிகாரத்தின் கடைசியில் போய்ப் பாருங்கள்: உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனம் கொடு என்று இருக்கிறது. அவன்மேல் பாசம் வரும்வரை காத்திருந்து கொடு என்று இல்லை.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. நீங்கள் எப்போது ஓய்வெடுக்கிறீர்கள்? உபாகமம் 5-இல் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்பட்ட காரணம், வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்பதுதான். எகிப்திலே நீ அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. தேவனுடைய அன்பு அன்றாட வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, அது சட்டமாகவே இறங்கி வந்து உட்காரச் சொல்லும் இடங்களில் இது ஒன்று. மூன்று ஆண்டுகள் ஒரு நாளும் விடாமல் ஒரே ஆள் ஆளைத் தூக்கிப் புரட்டினால் இடுப்பு போகும், பிறகு பொறுமை போகும். நோயாளிக்கே அது ஆபத்து. அண்ணனிடம் மாதத்தில் இரண்டு நாள் கேளுங்கள். வர முடியாதென்றால் இரவுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளப் பணம் கேளுங்கள். கேட்பது அன்பின்மை ஆகாது. ஒருவர்மேல் இருக்கும் பாரத்தை இன்னொருவர் சுமக்கச் சொல்லித்தான் கலாத்தியர் 6:2-உம் சொல்கிறது. அதை அண்ணனுக்கு அனுப்பி வைத்தாலும் தவறில்லை.

சிறு குறிப்பு: பேச்சு குழறுகிறவர்களுக்கு விழுங்குவதும் சிரமமாக இருக்கலாம். கஞ்சியை நீர்க்கக் கொடுக்காமல் சற்றுக் கெட்டியாக, நிமிர்த்தி உட்கார வைத்தே கொடுங்கள். கொடுத்து அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். கொடுக்கும்போது இருமினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில்: முத்துக்குளித்துறை

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். எங்கள் பொது மொழிபெயர்ப்பில் வாத்தியார் ஐயா சொன்ன அந்தத் திருப்பாடல் “என்றும் உள்ளது அவரது பேரன்பு” என்று வருகிறது. கிருபை, பேரன்பு ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் அந்த எபிரெயச் சொல்லின் இரு பக்கமும் தெரியும்.

சகோதரியின் கேள்வியைப் படித்ததும் எனக்குப் புனித குழந்தை தெரேசாளின் நினைவு வந்தது. பிரான்சு நாட்டின் லிசியே நகரத்துக் கார்மேல் கன்னியர் மடத்தில் இருந்து 1897-இல் 24 வயதில் காசநோயால் இறந்தவர். வெளிப்பார்வைக்கு எளிய வாழ்க்கை. அவர் எழுதி வைத்த குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மடத்தில் நோயுற்ற ஒரு மூத்த சகோதரி இருந்தார். எளிதில் யாரிடமும் மனநிறைவு கொள்ளாதவர். மாலைத் தியானத்திலிருந்து உணவறைக்கு அவரை யாராவது கைத்தாங்கலாக அழைத்துப்போக வேண்டும். தெரேசா தாமே முன்வந்தார். ஆனால் அந்த அம்மாவைத் திருப்திப்படுத்துவது நடவாத காரியம் என்று அறிந்திருந்ததால், முன்வருவதே தமக்குக் கடினமாக இருந்தது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த மூத்தவர் தம் மணற்கடிகையை அசைப்பார். புறப்படலாம் என்பது அதற்குப் பொருள். விசிப்பலகையை இன்ன விதமாக நகர்த்த வேண்டும், அவசரப்படக் கூடாது, பின்னால் நின்று இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சற்று வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார், மெதுவாக நடந்தால் உன் கையே தெரியவில்லை என்பார், நீ சின்னப் பெண், உனக்கு என்னை அழைத்துப்போகத் தெரியாது என்பார். உணவறையில் அவரை உட்கார வைத்து, கைச்சட்டையின் மடிப்பைச் சொன்ன விதமாகத் திருப்பிவிட்டால் தெரேசாவின் வேலை முடிந்தது. ஒரு நாள், விரல்கள் முடங்கிப்போன அவர் ரொட்டியை நறுக்கப் படும் பாட்டைத் தெரேசா கண்டுவிட்டார். அன்றிலிருந்து யாரும் கேட்காமலே ரொட்டியை நறுக்கிக் கொடுத்து, ஒரு புன்னகையையும் கொடுத்துவிட்டே போனார்.

இதில் நான் பிடித்துக்கொள்வது இதுதான்: தொடக்கத்தில் பாசம் இல்லை, அதை அவர் மறைக்கவும் இல்லை. முதலில் நடந்தது விசிப்பலகையை நகர்த்தியதுதான். ரொட்டியைக் கவனிக்கும் கண் பிறகு திறந்தது. அந்தக் கண் எல்லாருக்கும் திறக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு மடத்துச் சகோதரியின் சிடுசிடுப்பும் அம்மாவை அடித்த தகப்பனின் கையும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005 டிசம்பர் 25 அன்று கையொப்பமிட்ட தமது முதல் சுற்றுமடலில் இந்தச் சிக்கலையே எடுத்துப் பேசியிருக்கிறார். அன்பைக் கட்டளையிட முடியுமா, உணர்ச்சியை உத்தரவு போட்டு வரவழைக்க இயலுமா என்பது கேள்வி. கடவுள் முதலில் நம்மை அன்பு செய்திருப்பதால் அன்பு இனி வெறும் கட்டளை மட்டுமல்ல, பெற்ற கொடைக்கு நாம் தரும் மறுமொழி என்கிறார். உணர்வுகள் வரும், போகும் என்றும் சொல்கிறார். வாத்தியார் ஐயா பிடித்த “முந்தி” என்ற அதே சொல்லுக்குத்தான் அவரும் வந்து சேர்கிறார்.

பதில்: ஜெபவீரன்

இரவுப்பணி சகோதரி சுட்டிக்காட்டியது சரி. நோயைச் சிட்சை என்று நான் எழுதியிருக்கக் கூடாது, மன்னிக்கவும்.

கேட்டவர்: தாமிரபரணிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வாத்தியார் ஐயா, உங்கள் பதிலை இரண்டு இரவுகள் வாசித்தேன். மூத்த மகனுக்காகத் தகப்பன் வெளியே வந்ததை நான் இத்தனை ஆண்டுகளில் கவனித்ததில்லை. அப்பாமேல் பாசம் வந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் செய்வதெல்லாம் நடிப்பு என்று என்னையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தது சற்று அடங்கியிருக்கிறது.

அண்ணனிடம் பேசினேன். முதலில் வருத்தப்பட்டார், பிறகு மாதத்தில் இரண்டாம் சனியும் ஞாயிறும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வரும் மாதம் பார்க்கலாம். அப்பாவுக்கு வீட்டிலேயே திருவிருந்து (நற்கருணை) கொடுக்க இயலுமா என்று குருவானவரிடம் கேட்டிருக்கிறேன். கஞ்சியைக் கெட்டியாக்கியதிலிருந்து இருமல் குறைந்திருக்கிறது; அடுத்த முறை மருத்துவரிடமும் சொல்லுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் அசனம், சபையார் எல்லாரும் பந்தியில் உண்ணும் விருந்து. வழக்கம்போல் நான் போகவில்லை. மூன்று ஆண்டுகளாக நான் பந்தியில் உட்காராததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இருவர், ஒரு தூக்குவாளியில் சோறும் இன்னொன்றில் கறிக்குழம்புமாக வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் அப்பாவின் அருகே உட்கார்ந்துகொண்டு என்னைச் சாப்பிடச் சொன்னார். குழம்பைத் தொட்டுச் சோற்றை மசித்து அப்பாவுக்கும் இரண்டு வாய் கொடுத்தார். விழுங்கிவிட்டு அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். இரண்டாம் சனிக்கிழமை வருவான் என்று அடுக்களையில் இருந்தபடியே பதில் சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டு முடித்தேன்.